பறங்கிப்புண்: ஒரு நோய்ப்பெயரும் படைவீரர் வாழ்வும்

தமிழில் ‘பறங்கி’ என்னும் அடைபெற்று வழங்கும் சொற்கள் சிலவுள. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்பன ஊர்ப்பெயர்கள். பறங்கிக்காய் உணவுப்பொருள். பறங்கிப்பட்டை மருந்துச் சரக்கு. இவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது பறங்கிப்புண் என்னும் நோய்ப்பெயர். பறங்கி வியாதி எனவும் அது வழங்கிற்று. முதல் நான்கு சொற்களைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஐந்தாவது சொல் இன்று பெரும்பாலும் அகராதியிலேயே உயிர் வாழ்கின்றது. அதன் இடத்தில் மக்கள் பேச்சில் வேறொரு சொல் வந்தமர்ந்தது. ‘பொம்பளைச் சீக்கு’ என்பதே அச்சொல்.

குறிக்கப்படும் நோய் ஒன்றே. முற்பெயர் நோயைக் கொணர்ந்த அயலானைச் சுட்டிற்று. பிற்பெயர் பெண்ணைச் சுட்டுகின்றது. இப்பெயர் மாற்றம் தற்செயலாக நேர்ந்ததன்று என்பதும், இதன் பின்னே படைவீரரையும் அவர்தம் ஒழுக்கத்தையும் பற்றிய நீண்டதொரு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாறு எச்.ஐ.வி. தோன்றிய பின்னரும் தொடர்ந்தது என்பதும் ஈண்டு ஆராயப்பெறும். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொல்லின் வரலாறு மக்களின் வரலாறே ஆதலின் இதுவும் நம் எல்லைக்கு உட்பட்டதே என்க.

பறங்கியர் வந்த கரை

இராமநாதபுரத்திலிருந்து பாம்பனை நோக்கிச் செல்லும் கடற்கரையில் உச்சிப்புளியை அடுத்து உள்ளது புதுமடம். அதற்குக் கிழக்கே வேதாளை. அதற்கும் அப்பால் மண்டபம். மன்னார் வளைகுடாவைப் பார்த்திருக்கும் இச்சிற்றூர்கள் மீன்பிடித்தலாலும் கடல்வாணிகத்தாலும் வாழ்ந்தவை. வரலாற்று நூல்களில் இவை இடம்பெறுவதோ பெரும்பாலும் படைகளின் பொருட்டேயாம்.

கி. பி. 1538ஆம் ஆண்டில் மார்ட்டிம் அபோன்சோ டி சோசா என்னும் போர்த்துக்கேசியத் தலைவன், கள்ளிக்கோட்டைச் சாமூதிரிக்கு உரிய மரக்காயர் கப்பற்படையை வேதாளைக் கடற்கரையில் முறியடித்தான். முத்துக்குளிதுறையின் மேல் போர்த்துக்கேசியர் கை ஓங்குவதற்கு அவ்வெற்றி வழிசெய்தது. பின்னர் அங்கொரு சிறு காவற்படை நிறுத்தப்பட்டது. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் அப்படையினர் வரி தண்டினர். அதனால் எழுந்த பூசலில் 1549ஆம் ஆண்டு வடுகர் படை வேதாளையைத் தாக்கியபோது, காவற்படையினர் தோணிகளில் ஏறித் தப்பினர். அந்தோனி கிரிமினாலி என்னும் சேசுசபைத் துறவி அங்குக் கொல்லப்பட்டார்.

இப்படையினர் யாவர்? கீழைநாடுகளில் இருந்த போர்த்துக்கேசியரை அவர்தம் ஆவணங்கள் இரு வகையினராகப் பிரிக்கின்றன. மணந்து ஊரில் தங்கியவர் ‘கசாதோ’. மணமின்றிப் படையில் இருந்தவர் ‘சொல்தாதோ’. வீரன் என்பதற்கும் மணமிலி என்பதற்கும் ஒரே சொல் வழங்கிற்று என்பது ஊன்றி நோக்கற்பாலது. கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க் தம் ஆட்களை அந்நாட்டு மகளிரை மணக்குமாறு தூண்டியதும் அறிஞர் அறிந்ததே.

ஐரோப்பாவில் இந்நோய் பரவிய வரலாறும் படையொடு கூடியது. பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்லசின் படை 1495இல் நேப்பிள்சில் தங்கிய காலத்தில் அது பெருங்கொள்ளையாக வெளிப்பட்டது. படை கலைந்தபோது வீரர் சென்ற நாடெல்லாம் சென்றது. இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்சு நோய் என்றனர். அயலாரின் பெயரால் அழைக்கும் இவ்வழக்கம் நம் நாட்டிலும் தோன்றியது. 16ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பாவப்பிரகாசம் என்னும் வடமொழி மருத்துவநூல் இதனைப் ‘பிரங்க ரோகம்’ என்கின்றது. அந்நூலாசிரியர் பாவமிசிரர், பறங்கி ஆடவர் தொடர்பாலும் பறங்கிப் பெண்டிர் தொடர்பாலும் இது வரும் என இருபாலரையும் ஒருங்கே கூறுகின்றார். பிற்காலச் சட்டங்கள் காட்டாத நடுவுநிலை அம்மருத்துவரிடம் இருந்தது.

மருந்தும் அதே கப்பலில் வந்தது. சீனநாட்டுக் கொடியொன்றின் கிழங்கு 1530களில் கோவாவை அடைந்ததையும், இந்நோய்க்கு அது பயன்பட்டதையும் கார்சியா டா ஓர்த்தா என்னும் போர்த்துக்கேசிய மருத்துவர் 1563இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைக்கின்றார். அதனையே நம் சித்த மருத்துவர் பறங்கிப்பட்டை என்றனர். இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் அப்பெயரைக் கூறியே வாங்குகின்றோம். நோய்க்கும் மருந்துக்கும் ஒருவன் பெயரே அமைந்தமை சொல்லாராய்ச்சியாளர்க்கு இனிய விருந்து. நோய் வேதாளைக் கரையில்தான் முதலில் இறங்கிற்று என்பது நம் கருத்தன்று. கடல்வழி வந்த ஆடவனொடு நோயை இணைத்துக் கண்டனர் நம் முன்னோர் என்பதே ஈண்டு வேண்டுவது.

பாசறை ஒழுக்கம்

படைவாழ்வைப் பற்றித் தமிழ் மரபு கொண்டிருந்த கருத்தை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். பாசறையில் தலைவர் மகளிரொடு கூடியிருத்தல் இல்லை என்பது தொல்காப்பியர் கற்பியலில் கூறும் விதி. அடுத்த நூற்பாவில் புறத்தோர்க்கு அஃது அமையும் என்று விலக்கும் கூறுகின்றார். ‘புறத்தோர்’ என்பது ஆடவரைக் குறிப்பதா, மகளிரைக் குறிப்பதா என்பது உரைவேறுபாட்டுக்கு இடந்தருவது. எவ்வாறு கொள்ளினும், விலக்குக் கூறவேண்டிய அளவுக்குப் பாசறையில் மகளிர் இருந்தனர் என்பது பெறப்படும். முல்லைப்பாட்டும் அரசன் பாசறையில் கச்சிற் சிறுவாள் செருகிய மகளிர் விளக்கேற்றி நின்றதையும், யவனர் காவல் புரிந்ததையும் காட்டுகின்றது.

இம்மரபில் ஒன்று கருதத்தக்கது. பரத்தையிற் பிரிவு மருதத்துக்கு உரியது. அது போர் ஓய்ந்த ஊரில், நெல் விளையும் செல்வத்திடையே நிகழ்வது. வேந்து வினையாற் பிரிந்த தலைவனோ முல்லைத்திணையில் மனைவியையே நினைந்திருப்பான். மனைவியைப் பிரிந்திருத்தல் ஆடவனைப் பிற மகளிரிடம் செலுத்தும் என்று தமிழ்ப் பொருளிலக்கணம் கொள்ளவில்லை. இஃது உலகியலை அப்படியே கூறுவதன்று, புலவர் வகுத்த நெறி என்பதை மறுப்பார் இலர். ஆயினும் நெறியாக எதனை ஒரு சமுதாயம் வகுத்துக்கொண்டது என்பதும் வரலாற்றுச் சான்றே.

‘பேராண்மை’ என்னும் சொல்லை வள்ளுவர் ஆளும் இடங்களும் இதற்கு இயைவன. பிறனில் விழையாமையில் அச்சொல் அடக்கத்தைக் குறித்து வருகின்றது. படைச்செருக்கில் பகைவர்மேற் செல்லும் மறத்தைக் குறித்து வருகின்றது. ஆண்மையின் இருமுகமாக இவை நிற்றலின், ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டா என்பது அவர் கருத்தன்று. படைவீரன் காமத்தில் கட்டற்றவனாதல் அவன் வீரத்துக்கு அடையாளம் என்னும் எண்ணம் வேறிடத்தில் பிறந்தது. அவ்விடத்துக்கு நம்மைப் பறங்கி என்னும் சொல்லே அழைத்துச் செல்கின்றது.

பறங்கிமலையில் நடந்தது

சென்னைக்குத் தெற்கே உள்ள பறங்கிமலை ஆங்கிலேயர் ஆட்சியில் பீரங்கிப் படையினர் தங்கிய கண்டோன்மென்ட். பூவிருந்தவல்லி, திருச்சிராப்பள்ளி, நீலகிரியிலுள்ள வெலிங்டன் முதலிய இடங்களிலும் ஐரோப்பியப் படை தங்கிற்று. இங்கெல்லாம் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்றொரு நிலையம் இருந்தது. அஃது ஆஸ்பத்திரி என்னும் பெயருடைய காவற்கூடம். நோயுற்ற வீரனுக்காக அமைந்ததன்று. வீரர்க்கு நோய் தந்தாள் என்று ஐயுறப்பட்ட பெண்ணைப் பிடித்துவந்து, நோய் நீங்கும்வரை அடைத்துவைப்பதற்காக அமைந்தது.

சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவை தோன்றி, 1830களில் மூடப்பட்டன. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் ஐரோப்பிய வீரர் தொகை பெருகியது. படையின் உடல்நலம் குறித்து அமைந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கை 1863இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கண்டோன்மென்ட் சட்டமும், 1868இல் தொற்றுநோய்ச் சட்டமும் பிறந்தன. இவற்றின்படி படைவீரரொடு பழகும் பெண்டிர் பதிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டுப் பெற வேண்டும். குறித்த நாளில் உடற்சோதனைக்கு வர வேண்டும். வாராதவர்க்குத் தண்டனை உண்டு. நோயுற்ற வீரனோ தனக்கு நோய் தந்தவள் இவள் எனக் காட்டினாற் போதும்.

வீரர் உடம்பைச் சோதிக்கும் வழக்கம் முன்னர் இல்லாமற் போகவில்லை. பிரித்தானியப் படையில் இருந்த அவ்வழக்கம் 1859இல் கைவிடப்பட்டது. அது வீரனின் தன்மானத்துக்கு இழுக்கு என்றனர். ஐந்தாண்டு கழித்துப் பெண்டிர்க்கு அதே சோதனை சட்டமாயிற்று. இங்கிலாந்தில் இச்சட்டங்களை ஆராய்ந்த 1871ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு இவ்வேறுபாட்டுக்குக் காரணமும் கூறியது. பெண் செய்வது ஊதியத்துக்கான குற்றம். ஆண் செய்வது இயற்கை உந்துதலின் நெறிதவறிய நுகர்ச்சி மட்டுமே. இரண்டையும் ஒப்பிடுதல் இயலாது என்பது அக்குழுவின் கருத்து. நம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடி இக்கூற்றே. ஆண்மை இயற்கை எனப்பட்டது; இயற்கையைத் திருத்த முடியாது ஆதலின் பெண்ணைத் திருத்தப் புகுந்தனர்.

இவ்வெண்ணம் எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை 1886ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை காட்டும். இந்தியப் படைத்தலைவர் இராபர்ட்சு பதவியிலிருந்த காலத்தில் தலைமையிடத்திலிருந்து அது வெளிவந்தது. படைப்பிரிவுச் சந்தைகளில் போதிய தொகையினரான பெண்டிர் இருத்தல் வேண்டும், அவர் போதிய கவர்ச்சியுடையராகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அரசு தானே தரகு வேலை செய்த செய்தி இங்கிலாந்தில் வெளியானபோது பெருங்கொந்தளிப்பு எழுந்தது. சோசபின் பட்லர் அம்மையாரும் அவர்தம் இயக்கத்தாரும் போராடினர். 1888இல் இந்தியச் சட்டம் நீக்கப்பட்டது. நீக்கத்துக்குப் பின்னும் பழைய முறை ஒழியவில்லை என்பதை, 1890களின் தொடக்கத்தில் கண்டோன்மென்ட்டுகளை நேரிற் பார்த்த எலிசபெத் ஆண்டுரூ, கேதரின் புசுனெல் என்னும் அமெரிக்க அம்மையார் இருவர் வெளிப்படுத்தினர். அவர்கள் கூற்றை முதலில் மறுத்த இராபர்ட்சு 1893இல் மன்னிப்புக் கோர நேர்ந்தது.

சென்னை மாகாணத்து லாக் ஆஸ்பத்திரிகளின் வரலாற்றில் ஒரு பகுதி தனித்து நிற்கின்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்தில், பிடிக்கப்படாமலே பெண்டிர் தாமாக அந்நிலையங்களை நாடினர். உள்ளே சோறு கிடைத்தது என்பதே காரணம். சாரா ஹாட்ஜஸ் என்னும் வரலாற்றறிஞர் இதனை ஆராய்ந்து 2005இல் கட்டுரை வெளியிட்டுள்ளார். பசித்தவள் தன்னைப் பரத்தை என்று ஏட்டிற் பதிந்துகொண்டு ஒருவேளை உணவு பெற்றாள் எனின், அவ்வேடுகளில் உள்ள ‘பதிவுபெற்ற பெண்டிர்’ என்னும் எண்களை எவ்வாறு நம்புவது? புள்ளிவிவரத்தை வேதவாக்காகக் கொள்ளும் ஆய்வு மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.

இரண்டு படைகள்

ஆடவன் இயற்கையே இதற்குக் காரணம் என்னும் வாதத்தை அக்காலப் படைக்கணக்குகளே தகர்க்கின்றன. இந்தியாவிலிருந்த பிரித்தானிய வீரருள் இந்நோய்களுக்காக மருத்துவமனை புகுந்தவர் 1895ஆம் ஆண்டில் ஆயிரவர்க்கு 500க்கு மேல். அதே நாட்டில், அதே வெயிலில், அதே கண்டோன்மென்ட்டின் மறுபக்கத்தில் வாழ்ந்த இந்தியச் சிப்பாய்களிடம் நோயின் அளவு பலமடங்கு குறைவு. இருவரும் ஆடவரே. இருவரும் சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்தியவரே. வேறுபாடு எங்கே இருந்தது?

வெள்ளை வீரருள் மேலதிகாரியின் ஒப்புதலொடு மணந்து மனைவியை உடன்வைத்திருக்கத்தக்கவர் ஒரு சிறு பங்கினரே. எஞ்சியோர் நீண்ட பாரக்குகளில், சாராயத்தொடும் சலிப்பொடும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். சென்னைப் படையின் சிப்பாய்களோ இந்தியாவின் ஏனைப் படைகளினும் மேலாகக் குடும்பத்தொடு வாழ்ந்தவர். படை இடம்பெயர்ந்தால் மனைவி மக்களும் தாய்தந்தையரும் மூட்டை முடிச்சொடு பின்சென்றனர். இதனால் படைநடை தாமதமாகின்றது என்று ஆங்கில அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டனர். குறையாக அவர்கள் எழுதி வைத்ததே நமக்குச் சான்றாகின்றது. குடும்பம் உடனிருந்தமை ஒன்றே நோய் குறைந்தமைக்குக் காரணம் என்று சாதித்தல் மிகை. சிப்பாய் தன் நோயை மறைத்து நாட்டு வைத்தியரிடம் சென்றதும் கணக்கைக் குறைத்திருக்கும். ஆயினும் இயற்கை என்று கூறப்பட்டது பெரும்பாலும் ஏற்பாடே என்பது தெளிவு. 1895க்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் பிரித்தானிய வீரரிடையே இந்நோய் ஆயிரவர்க்கு 100க்கும் கீழ் இறங்கியதும் இதனையே உணர்த்தும். ஆடவனின் இயற்கை பதினைந்து ஆண்டுகளில் மாறுவதில்லை அன்றோ?

ஆடவர் அனைவரும் சோதனைக்கு விலக்கானவர் என்று எண்ணிவிடலாகாது. புதுமடத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில், தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் ஆண்பெண் வேறுபாடின்றித் தடுத்துவைக்கப்பட்டு, காலரா, அம்மை முதலியவற்றுக்காகப் பார்வையிடப்பட்ட பின்னரே கப்பலேறினர். கூலியாளின் தன்மானம் அங்கு எவர்க்கும் தடையாகவில்லை. ஆகவே காக்கப்பட்டது பொதுவான ஆண்மை அன்று. ஆளும் இனத்துச் சீருடையினனின் ஆண்மையே.

இனிப் பெயர்மாற்றத்துக்கு வருவோம். ‘சீக்கு’ என்பது நோயுற்ற நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஆதலின் பொம்பளைச் சீக்கு என்னும் தொடர் ஆங்கிலேயர் தொடர்புக்குப் பிற்பட்டதே. பறங்கிப்புண் போர்த்துக்கேசியர் காலத்து மனநிலையைத் தாங்கியது எனின், இத்தொடர் ஆங்கில ஆட்சிக்காலத்து மனநிலையைத் தாங்கியது. நோய் பெண்ணிடம் உறைகின்றது, ஆடவன் அதனை அங்குப் போய் வாங்கி வருகின்றான் என்பதே இதன் பொருள். லாக் ஆஸ்பத்திரிச் சட்டம் கூறியதும் இதுவே.

இவ்வெண்ணத்தை முழுவதும் வெள்ளையர் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. 18ஆம் நூற்றாண்டில் செழித்த விறலிவிடு தூது நூல்கள் இதற்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தன. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது இவற்றுள் பெயர்பெற்றது. தாசியிடம் பொருளிழந்த ஆடவன் தன் துயரைத் தானே விரித்துரைப்பது இவ்வகை நூல்களின் கதைப்போக்கு. மனைவியை நீங்கிச் சென்றவன் இரக்கத்துக்கு உரியவனாகவும், தாசியும் அவள் தாயும் வஞ்சகராகவும் சித்திரிக்கப்படுகின்றனர். அருணகிரிநாதரைப் பற்றிய செவிவழிக் கதையும் பரத்தையர் கூட்டுறவால் நோயுற்றார் என்றே கூறும். சட்டம் வந்தபோது அதனை வரவேற்கும் மனம் இங்கு முன்பே இருந்தது. வள்ளுவர் வரைவின் மகளிரைக் கடிந்துரைத்தும் குற்றத்தை ஆடவனின் நிறையில்லாத நெஞ்சில் வைத்ததைப் பிற்காலத்தார் மறந்தனர்.

காவலில் இருந்த பெண்டிரும் கணக்கில் வாராத ஆடவரும்

1981இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் முதன்முதலாக மருத்துவ ஏடுகளிற் குறிக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட இடம் சென்னை. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்னும் ஆய்வு மாணவியார் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. இந்நாட்டில் நோய்த்தடுப்பு விரைந்து தொடங்க அம்மையார் இருவரின் உழைப்பே காரணமாயிற்று. அதில் ஐயமில்லை.

அம்மாதிரிகள் யாரிடமிருந்து பெறப்பட்டன என்பதே நாம் கருத வேண்டுவது. பாலியல் தொழில் குற்றச்சாட்டிற் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்டிரிடமிருந்து அவை பெறப்பட்டன. எளிதிற் கிடைத்த உடம்பு அவர்களுடையதாக இருந்தது. ஆராய்ச்சியாளரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. எந்த உடம்பு சோதனைக்கு எளிதிற் கிடைக்கும் என்பதை நூற்றாண்டுக்கு முன்பே வகுத்து வைத்த ஏற்பாட்டையே சுட்டுகின்றோம். பின்னர் நோய்க்கிருமி உண்டென அறியப்பட்ட பெண்டிர் பலர் காலவரையின்றி அடைத்துவைக்கப்பட்டனர். இதழாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்ததன் பயனாக 1990இல் உயர்நீதிமன்ற ஆணையால் அவர்கள் விடுதலை பெற்றனர். லாக் ஆஸ்பத்திரி என்னும் பெயர் மட்டும் அங்கு இல்லை.

சீருடையினரின் ஒழுக்கம் உலக அரங்கில் வெளிப்படையாகப் பேசப்பட்டது அதன் பின்னரே. 1992, 1993ஆம் ஆண்டுகளில் கம்போடியாவில் இருந்த ஐக்கிய நாடுகள் அமைதிப்படையினர் பாலியல் தொழிலைப் பெருக்கினர் என்று முறையிடப்பட்டபோது, இளைஞராகிய வீரர் அவ்வாறே இருப்பர் என்னும் போக்கில் அப்பணியின் தலைமையிடமிருந்து விடை வந்தது. 1871ஆம் ஆண்டு ஆணைக்குழுவின் குரலை அதில் கேட்கலாம். 2000ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1308ஆம் தீர்மானம் இப்போக்கினின்று விலகியது. அமைதிப்படையினர்க்கு எச்.ஐ.வி. பற்றிய பயிற்சியும், விரும்பிச் செய்துகொள்ளும் சோதனையும், ஆலோசனையும் வேண்டும் என்றது. நோயைப் பற்றிய பேச்சில் வீரனே எழுவாயாக அமர்ந்தது அப்போதுதான் எனலாம். ஆயினும் தீர்மானம் வேறு, நடப்பு வேறு. 2007இல் எயிட்டியில் இருந்த இலங்கைப் படையினர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் பாலியற் சுரண்டல் குற்றச்சாட்டின்மேல் திருப்பியனுப்பப்பட்டனர். புதுமடத்துக் கரைக்கு எதிர்க்கரையிலிருந்து சென்ற படை அது.

மறுபுறம், வீரன் எழுவாயானவுடன் மிகையும் தோன்றிற்று. படையினரிடையே பால்வினை நோய்கள் அமைதிக் காலத்தில் பொதுமக்களினும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை மிகும், போர்க்காலத்தில் ஐம்பது மடங்கும் ஆகலாம் என்னும் கூற்று 1990களின் இறுதியில் ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பால் பரப்பப்பட்டுப் பல அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டது. ஆலன் ஒயிட்சைடு, அலெக்ஸ் டி வால் முதலியோர் 2006இல் ஆப்பிரிக்கப் படைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தனர். படையில் சேர்வோர் பெரும்பாலும் இளையர், சேரும்போதே சோதிக்கப்படுவர், ஆதலின் எல்லாப் படைகளிலும் நோய் மிகுதி எனல் பொருந்தாது என்று காட்டினர். எம் கருத்தும் அஃதே. சீருடை தன்னளவில் நோயன்று. வீட்டைப் பிரிந்திருக்கும் காலம், கையிற் காசு, குடி, தோழர் முன் ஆண்மை காட்டும் போட்டி, நோய் வந்தால் மறைக்கவேண்டிய அச்சம் ஆகிய இவை எங்கு ஒருங்கு கூடுகின்றனவோ அங்கு இடர் உண்டு. இவற்றுள் இறுதியிற் கூறிய அச்சத்தையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம். விழுப்புண்ணைக் காட்டிப் பெருமைகொள்ளும் மரபில் வந்த வீரன், இப்புண்ணை மருத்துவனிடமும் காட்ட நாணுகின்றான். அந்நாணத்தின் விலையை ஊரிலிருக்கும் மனைவி கொடுக்கின்றாள். முல்லைத்திணையின் தலைவி இருத்தற்கு உரியவள், இவளும் இருந்தவளே.

உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து என்னும் பெயரோடு கடற்படை வானூர்தி நிலையம் உள்ளது. மண்டபத்தில் கடலோரக் காவற்படை உள்ளது. வேதாளையிற் காவற்படை நின்ற காலத்துக்குப் பின்னும் இக்கரை சீருடையினரைக் கண்டுகொண்டே இருக்கின்றது. ஊர்கள் அவர்களைத் தம்மவராகவும் அயலாராகவும் ஒருங்கே காண்கின்றன. எச்.ஐ.வி. தடுப்புக்கும் கட்டுப்பாட்டுக்குமான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. தகவலறிந்த ஒப்புதலின்றிச் சோதித்தல் கூடாது என்பது அதன் பொதுவிதி. 1868ஆம் ஆண்டுச் சட்டத்தொடு இதனை வைத்துப் பார்ப்பவர்க்கு இடையிற் கழிந்த 150 ஆண்டுகளின் பொருள் விளங்கும்.

2023 செப்டம்பர் 26ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றை இவ்வரலாற்றிற் சேர்த்தல் வேண்டும். வான்படை வீரர் ஒருவர் 2002இல் எல்லைப்புறத்தில் பணியாற்றுகையில் நோயுற்றுப் படை மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கு அவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. 2014இல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. 2016இல் பணியினின்று விடுவிக்கப்பட்டார். இழப்பீடு கோரிய அவர் மனுவைத் தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. உச்சநீதிமன்றம் அதனை மாற்றி, வான்படையும் தரைப்படையும் பொறுப்பென்று கூறி, ஏறத்தாழ 1 கோடியே 54 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. அவர் எந்தப் பெண்ணிடமும் செல்லவில்லை. நோய் படைமருத்துவமனையில் ஏற்றிய இரத்தத்தில் வந்தது. தன் உடம்பில் நோய் புகுந்த வழியைச் சான்றொடு நிறுவும் சுமையைப் பறங்கிமலைப் பெண்டிர் முன்னர்ச் சுமந்தனர். இம்முறை அதனைச் சீருடை அணிந்த ஆடவர் ஒருவர் சுமந்தார்.